மேப்புல விட்டுப்போன வூடு

ஏய், குந்துங்கப்பா, எல்லாரும் குந்துங்க. நின்னுகினு இருக்கிறவன்லாம் பாய்ல எடம் பாத்து குந்து. குணா, அந்தப் போன பாக்கெட்டுல வை, உன் மச்சான் எங்கயும் ஓடிப்போவ மாட்டான். பரிமளாக்கா, வெத்தலய மென்னுக்கோ, வேணான்னு சொல்லல, ஆனா பேச்ச நிறுத்து. காது குத்துற ஆசாரி டிராபிக்ல மாட்டிகினாராம், பிரியாணி இன்னும் தம்முல இருக்குது, அதுவரைக்கும் வுட்டா நீங்க ஒருத்தன ஒருத்தன் கடிச்சுத் தின்னுடுவீங்க. அதனால, இதோ மொட்ட போட்டு சந்தனம் பூசிகினு அவங்க அம்மா மடியில குந்தியிருக்குதே தமயந்திப் பாப்பா, இது பொறந்த கதைய சொல்றேன். தெரிஞ்சவங்க தெரியாத மாதிரி கேளுங்க. தெரியாதவங்க வாய மூடிகினு கேளுங்க.

நம்ம உப்புக்கிடங்குத் தெருவுக்கு மேல பாலம் கட்டி ரயிலு வுட்டாங்க இல்ல, அந்தப் பாலம் நம்மாண்ட வந்துதான் இடுப்ப வளைக்குது, வளையுற எடத்துல சக்கரம் தண்டவாளத்த ஒரசி, க்ர்ர்ரீஈஈஈச்சுன்னு, பழைய தகரத்த ஊரே சேந்து நகத்தால கீறுற மாதிரி ஒரு சத்தம் வரும், அது வந்தா நம்ம ஆளுங்க பேச்ச பாதியில நிறுத்தி, தொறந்த வாய தொறந்தபடியே வச்சுகினு, வண்டி போனப்புறம் விட்ட எழுத்துலேருந்து புடிப்பாங்க, சண்ட போடறவன்கூட “உங்கப்ப…”ன்னு கைய ஓங்குனபடியே நின்னு, வண்டி போனதும் “…னாண்ட போய் சொல்லு”ன்னு முடிப்பான். அப்படியே வாழ்ந்துகினு இருந்தோம். அப்புறம் பொறுக்க முடியாம மனு மேல மனு போட்டதுல, சத்தம் அளக்குற ஒரு கம்பெனியிலேருந்து மிருதுளா மேடம் வந்தாங்க.

தங்கமான பொண்ணு. மூணு காலு ஸ்டாண்டு, அது தலையில ஒரு மைக்கு, மைக்கு தலையில கருப்பு பஞ்சு உருண்ட. அத்த தெரு நடுவுல நட்டுட்டு, “ப்ளீஸ்ங்க, வண்டி போற வரைக்கும் யாரும் பேசாதீங்க, இருமாதீங்க, அந்த மிக்ஸிய கொஞ்சம் நிறுத்துங்க”ன்னு, இதோ இப்படித்தான், மூக்கால கெஞ்சுவாங்க. நம்மாளுங்க எங்க நிறுத்துனாங்க? வண்டி போறப்பவே “மேடம், இப்ப பேசலாமா?”ன்னு கத்திக் கேட்டவ இந்தப் பரிமளாக்கா.

என் இஸ்திரி வண்டி மேலதான் மேடம் லேப்டாப்ப வைப்பாங்க, அதனால எனக்குத்தான் மொதல்ல பாடம். தெருவுல இருக்கிற ஒவ்வொரு வூட்டையும் கம்ப்யூட்டர்ல ஒரு பொட்டி மாதிரி வரைவாங்களாம், வூடு எத்தினி ஒசரம், உள்ள எத்தினி பேரு, எல்லாத்தையும் போடுவாங்களாம், அப்புறம் ரயில கம்ப்யூட்டருக்குள்ளயே ஓட வுட்டா, எந்த வூட்டுக்கு எம்மாம் சத்தம்னு அதுவே கணக்குப் போட்டு சத்தம் ஏற ஏற பச்ச, மஞ்சா, செவப்புன்னு சாயம் பூசிடுமாம். அப்புறம் மைக்கு வச்சு அளந்து, கணக்கு சரியான்னு பாப்பாங்களாம். “சத்தத்துக்கும் நெழல் இருக்குண்ணா. முன்னாடி ஒரு வீடு இருந்தா, பின்னாடி வீட்டுக்கு அது நெழல்”னாங்க. அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது, நான் நிம்மதியா தூங்குனதெல்லாம் டில்லிபாபு வூட்டு நெழல்லன்னு. அவன் வூடு பாலத்த ஒட்டினாப்புல, என் வூடு அவன் முதுகுக்குப் பின்னாடி.

டில்லிபாபு யாரு? தோ, சாம்பாருக்கு வாளி தூக்கிகினு போறானே, தண்ணி லாரி ஓட்டுறவன், பாப்பாவோட அப்பன். அவன் பொண்டாட்டி புனிதவதி, பாப்பாவ மடியில வச்சுகினு இருக்கிறவ. நம்ம தெருவுலயே கம்மியா பேசுறவ அவதான். அவங்களுக்கு ரொம்ப வருசம் கழிச்சு வயித்துல புள்ள தங்குச்சு. வளைகாப்பு வந்துச்சு. டில்லிபாபுவுக்குக் கால் தரையில நிக்கல, தெருவுக்குப் பந்தல் போட்டா பத்தாதுன்னு வூட்டையே பந்தலால மூடினான், வாசல்லேருந்து மொட்டமாடி வரைக்கும், செவப்புத் துணி மஞ்சாத் துணி, வூட்ட ஒரு பெரிய அல்வா பொட்டலம் மாதிரி கட்டி வச்சான். புள்ளைக்கு வயித்துலயே சத்தம் கேக்கணும்னு முழங்கை வரைக்கும் வளையல் அடுக்குனாங்க, கல கல கலன்னு தெரு முழுக்கக் கேட்டுச்சு. அன்னைக்கின்னு பாத்து, அதே நேரத்துல, மேடத்தோட கம்பெனி ஆளுங்க மேலேருந்து போட்டோ எடுக்குற குட்டி ஹெலிகாப்டர பறக்க வுட்டாங்க. பொம்பளைங்கலாம் அண்ணாந்து பாத்து கையாட்டுனாங்க, இந்தப் பரிமளாக்கா முத்தம் குடுத்தா.

அந்தப் போட்டோவ எங்கயோ ஏசி ரூம்ல ஒருத்தன் பாத்தான். மேலேருந்து பாத்தா துணிதான தெரியும்? “பந்தல். நாளைக்குப் பிரிச்சிடுவாங்க. துணி சத்தத்த தடுக்காது”ன்னு டீய குடிச்சுகினே அத்த அழிச்சுட்டு, அந்த எடத்த காலி மனைன்னு போட்டு, புல்லு மொளைச்ச தரைன்னு பச்ச அடிச்சுட்டான். பந்தலுக்குக் கீழ வூடு இருக்கும்னு அவனுக்கு யாரு சொல்றது?

மேப்ப கொண்டாந்து ரேசன் கடை செவுத்துல ஒட்டினாங்க. நம்மாளுங்களுக்கு அதுல ஒரு பெரும, “எங்க வூடு செவப்பு!” “போடி, எங்க வூடு ரத்தச் செவப்பு!”ன்னு போட்டி. டில்லிபாபு வெரல வச்சு தடவித் தடவித் தேடுறான், அவன் வூடு இருக்கிற எடத்துல பச்சப் புல்லு. “மாமோவ், உனக்கு பார்க்கு கட்டிக் குடுத்துட்டாங்க”ன்னு குணா சொன்னான். எல்லாரும் சிரிச்சோம். அவனும் சிரிச்சான். அவன் சிரிச்சு எங்க காதுல வுழுந்தது அதுதான் கடைசி.

மறுநா காலையில அவங்க வூட்டு குக்கர் விசிலடிக்கல. ஆவி வருது, குண்டு ஆடுது, சத்தம் இல்ல. டில்லிபாபு கதவ அறைஞ்சு சாத்துறான், சத்தம் இல்ல. புனிதவதி வாசல் பெருக்குறா, தொடப்பம் தரையில போவுது, கை நெறைய வளையல் ஒண்ணோட ஒண்ணு இடிக்குது, சத்தம் இல்ல, கண்ணாடித் தொட்டிக்குள்ள மீன் போற மாதிரி. என்னைப் பாத்து அவ ஏதோ சொன்னா. வாய் அசைஞ்சுது, அவ்ளோதான். அந்நேரம் பாத்து மேல வண்டி வந்துச்சு, வந்த சத்தம் டில்லிபாபு வூட்ட ஒரு வூடுன்னே மதிக்காம, செவுத்துக்குள்ள பூந்து, அந்தப் பக்கம் வந்து, நேரா என் நெஞ்சு மேல ஏறிகினு போச்சு.

நம்ம தெரு இத்த எப்படி எடுத்துகிச்சுன்னு கேளுங்க. ஒருத்தரும் அலறல. தண்ணி வரலன்னா எப்படிக் கேப்பாங்களோ அப்படித்தான் கேட்டாங்க. “இன்னா டில்லி, உங்க வூட்டுல சத்தம் போயிடுச்சாமே, எப்ப வருமாம்?” அவன் வாய வாய அசைச்சான். “சரி சரி, வந்தா சொல்லு”ன்னுட்டுப் போயிட்டாங்க. கொஞ்ச நாள்ல அது வசதியாப் போச்சு. அந்த வூட்டுக்குள்ள யாரு இன்னா பேசினாலும் வெளிய கேக்காது, உள்ளயும் கேக்காது, அதனால புருசன் பொண்டாட்டி சண்டைக்கு அங்க போவ ஆரம்பிச்சாங்க. நெஞ்சு வெடிக்கிற மாதிரி கத்துவாங்க, ஒண்ணும் கேக்காது, கத்திக் களைச்சு, புனிதவதி குடுக்கிற டீய குடிச்சுட்டு வெளிய வருவாங்க. மாமியார் செத்தப்ப அழுவ வராத ஒருத்தி அங்க போய் அழுதா. கடன்காரன்… வேணாம், அவன் இங்கதான் குந்தியிருக்கான்.

புனிதவதி கடைக்கு வந்தா? எழுதிக் காட்டுவா, அத்த படிக்க எவனுக்குப் பொறுமை? அப்பதான் எல்லாரும் என்னைப் புடிச்சாங்க. “கிளியண்ணாத்த, நீதான் எல்லா கொரலும் பேசுவியே, இவளுக்கும் பேசு.” பேசினேன். அவ வாய் அசையும், நான் பக்கத்துல நின்னு மெல்லிசா, “அண்ணே, ஒரு கிலோ வெங்காயம், நல்லதா பாத்து”ன்னு அவ கொரல்லயே சொல்லுவேன். அப்புறம் சொம்மா இருப்பனா? “எங்க வூட்டுக்காரர விட கிளியண்ணாத்த எவ்ளோ லட்சணம்”னும் சேத்து வுடுவேன். கடைக்கே சிரிப்பு. அவ என்னை ஒரு பார்வ பாப்பா, பைய எடுத்துகினு போயிடுவா.

ஆனா அந்த வூட்டு செவுத்துல காது வச்சவன் எவனும் சிரிக்கல. நான் வச்சேன். உள்ள பாத்திரம் இல்ல, டிவி இல்ல, மூச்சு இல்ல. காத்து. தொறந்த வெளியில புல்லு மேல போற காத்து. சர்ர்ர்… சர்ர்ர்னு. தூரத்துல ஒரு தவள. வூடு இருந்துச்சு, சத்தம் இல்ல. சத்தம் இருந்த எடத்துல ஒரு காலி மனை இருந்துச்சு.

அப்புறம் மாடு வந்துச்சு. எங்கேருந்தோ வந்த மாடுங்க, டில்லிபாபு வாசல்ல நின்னு, செவுத்த மோந்து, மேயறதுக்கு எடம் பாக்குற மாதிரி தலைய ஆட்டிகினு நின்னுச்சுங்க. தெரு நாயி வூட்டுக்குக் குறுக்கால ஓடப் பாத்து செவுத்துல மோதிச்சு. அப்புறம் மனுசன். கண்ணு தெரியிற மனுசன், பேசிகினே நடக்குறவன், அந்தாண்ட வந்ததும் குறுக்குவழின்னு நெனச்சு திரும்பி, நெத்திய இடிச்சுகினு, “அட, இங்க ஒரு வூடு இருக்குதில்ல”ன்னு முழிப்பான். டில்லிபாபு லாரியில ஹாரன் அடிச்சா யாருக்கும் கேக்கல, ஒரு சைக்கிள்காரன் மயிரிழையில தப்பிச்சான், அதோட அவன லாரிய வுட்டு எறக்கிட்டாங்க. கல்யாணப் பத்திரிக வைக்கிறவங்க அந்த வூட்ட தாண்டிப் போனாங்க. புனிதவதி எதிர்ல நிக்கிறா, இவங்க, “இங்க ஒரு பொண்ணு இருந்துச்சே, நல்ல பொண்ணு, பேர் கூட ஏதோ…”ன்னு பேசிகினாங்க. அவ எதிர்லயேதான் நிக்கிறா.

மாசம் ஏற ஏற வயிறு மட்டும் பெருசாச்சு. பிரசவ ஆஸ்பத்திரிக்கு நானும் துணைக்குப் போனேன், அவ கொரலா. நர்சம்மா வயித்துல அந்தக் கருவிய வச்சு, புள்ளையோட துடிப்பு கேக்குதான்னு பாத்தாங்க. கேட்டுச்சு. சர்ர்ர்… சர்ர்ர். நர்சம்மா மொகம் மாறிச்சு. ஸ்கேன் பண்ணுனாங்க. ஸ்கேன் மிஷினும் சத்தத்த உள்ள அனுப்பித்தான் படம் புடிக்குதாம், அது எனக்கு அப்ப தெரியாது. டிவிப் பொட்டியில தலையும் இல்ல, காலும் இல்ல. புல்லு. கருப்பு வெள்ளையில புல்லு அசையுது. “உள்ள ஒண்ணும் இல்லம்மா. வெறும் காத்து. வெள்ளிக்கெழம வாங்க, மயக்க ஊசி போட்டு வயித்த சுத்தம் பண்ணிடலாம்”னு டாக்டர் சொன்னாரு. டில்லிபாபு செவுத்துல தலைய முட்டிகினான், டங்குன்னுகூட கேக்கல. புனிதவதி அழுவல. வயித்து மேல கைய வச்சுகினு நேரா பாத்துகினு இருந்தா. பயத்துல ஒறஞ்சுட்டாளோன்னு நெனச்சேன். அவளுக்குப் பதிலா நான் அழுதேன், அவ கொரல்லயே.

அன்னைக்கே மிருதுளா மேடத்துக்குப் போன் போட்டோம். ஓடி வந்தாங்க. பந்தல் கதைய கேட்டதும் நெத்தியில அடிச்சுகினாங்க. “வூட்ட வரைஞ்சுடு மேடம், அவ்ளோதான, ஒரு பொட்டிதான”ன்னு பரிமளாக்கா சொன்னா.

“என்னால முடியாதுக்கா. மேல கையெழுத்துப் போட்டுட்டாங்க. அளந்தது கணக்கோட ஒத்துப் போகலன்னாத்தான் மேப்ப தொட விடுவாங்க.”

“அப்ப அள!”

அளந்தாங்க. டில்லிபாபு வூட்டுக்குப் பின்னாடி, என் வாசல்ல மைக்க நட்டு, வண்டி வர வச்சு அளந்தாங்க. காலி மனைக்குப் பின்னாடி எம்மாம் சத்தம் வரணும்னு கம்ப்யூட்டர் சொல்லிச்சோ, அதே சத்தம். ஒரு பொட்டு கூடல, ஒரு பொட்டு கொறையல. மேடம் அந்த மீட்டர பாத்துகினே சொன்னாங்க, “எந்த ஊர்லயும் இப்படி ஒத்துப் போனதில்லண்ணா. கொஞ்சமாவது வித்தியாசம் வரும். எங்க சார் கைகுடுத்துப் பாராட்டுனாரு.” கணக்குதான் தெருவுக்கு ஒத்து வரணும், இங்க தெரு கணக்குக்கு ஒத்து வந்துடுச்சு. “என் கண்ணுக்கு வீடு தெரியுது. கண்ணால பாத்தத இதுல போட முடியாது. பின்னாடி சத்தம் கொறஞ்சா, முன்னாடி ஏதோ நிக்குதுன்னு மீட்டரே சொல்லும். அது சொன்னா, நான் வரைஞ்சிடுவேன்”னு சொல்லிட்டு, மேடம் குனிஞ்சு ஒயர சுத்த ஆரம்பிச்சாங்க.

அப்ப எவனோ ஒருத்தன் சொன்னான், நாம நின்னா?

வியாழக்கெழம மத்தியானம். தெருவே காலியாச்சு. பீரோ வந்துச்சு, கட்டில் வந்துச்சு, கட்டில் மேல மெத்த, மெத்த மேல தலகாணி, பரிமளாக்கா தன் வாசக்கதவையே கழட்டிக் கொண்டாந்தா. எல்லாத்தையும் டில்லிபாபு வூட்டுக்கு முன்னாடி அடுக்கி, மீதிய மொட்டமாடியில ஏத்தி, எடுக்கிறதுக்கு ஒண்ணுமில்லன்னு ஆனப்புறம் ஆளுங்க ஏறுனாங்க, தோளோட தோள் ஒட்டி, சந்து இல்லாம, மேப்புல இருக்கிற வூட்டு ஜனம்லாம் சேந்து மேப்புல இல்லாத ஒரு வூடா நின்னாங்க. மொத வண்டிக்கு இந்தக் குணாப் பய பயத்துல கட்டில கீழ போட்டான். மீட்டர் எகிறிச்சு. அடுத்த வண்டிக்கு ஒருத்தரும் மூச்சு வுடல.

அங்க நின்னவங்கள கேளுங்க. மொட்டமாடியில செருப்பில்லாம நின்னோம், சுடுற சிமெண்டுத் தரை. ஆனா காலுக்குக் கீழ புல்லு. ஈரமா, நெசமா, கணுக்கால தடவுது. அந்தக் காத்து கீழேருந்து கெளம்பி ஒவ்வொருத்தர் லுங்கியையும் பொடவையையும் தூக்கிப் பாக்குது, யாருடா நீங்க, காலி மனையில ஏறி நிக்கிறீங்கன்னு கேக்குற மாதிரி. பக்கத்துல இருக்கிறவன் கைய புடிச்சா கை சில்லுன்னு இருக்குது. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா நம்மளையும் அழிச்சுடும்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. ஒருத்தரும் எறங்கல. வண்டி வந்துச்சு, க்ர்ர்ரீஈஈஈச்சுன்னு நம்ம மொகத்துல, நெஞ்சுல, பல்லுல அடிச்சுது, அடிச்சு நின்னுச்சு. பின்னாடி போவல.

மேடம் மீட்டர மட்டும் பாத்தாங்க. தலைய தூக்கி மாடிய பாக்கவே இல்ல. “கொறஞ்சிருக்கு”ன்னு சொல்லி, என் இஸ்திரி வண்டி மேல லேப்டாப்ப தொறந்து, அந்தப் பச்ச மேல ஒரு பொட்டி வரைஞ்சாங்க. ஒசரம் போட்டாங்க. “உள்ள எத்தன பேர்?”

புனிதவதி வாய அசைச்சா. நான் அவ கொரல்ல, “ரெண்டு பேரு மேடம், நானும் அவரும்”னேன்.

அவ என்னைப் புடிச்சு ஒரு தள்ளு தள்ளிட்டு, மேடம் மூக்குக்கு முன்னாடி மூணு வெரல நீட்டினா.

“பொறக்காத குழந்தைய சேக்கக் கூடாதுன்னு விதி இருக்கே…”

பரிமளாக்கா மாடியிலேருந்தே கத்தினா, “ஏம்மா, இருக்கிறவள புல்லுன்னு போட்டீங்களே, அப்ப எங்க போயிருந்துச்சு உங்க விதி? மூணுன்னு போடு, இல்ல இந்தக் கதவு உன் தலையில!”

மேடம் மூணுன்னு தட்டினாங்க.

மொதல்ல வளையல். கல கலன்னு இல்ல, ஒரே ஒரு வளையல், டிங்னு. அப்புறம் டில்லிபாபு எங்கயோ பின்னாடி நின்னு மூக்க உறிஞ்சுனது. குக்கர். அப்புறம் மேல நின்னவங்க கால் சிமெண்டுல சுட்டு, “ஐயோ அம்மா”ன்னு எல்லாரும் குதிச்சது. வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரியில கருவிய வச்சதும் டக்டக் டக்டக்னு கேட்டுச்சு, நர்சம்மா கண்ணுல தண்ணி. அடுத்த வாரம் பாப்பா பொறந்து அழுதுச்சு பாருங்க, மூணு தெருவுக்குக் கேட்டுச்சு, மேல போன ரயிலே கொஞ்சம் வாய மூடிச்சு.

அந்தக் காத்து இன்னா ஆச்சுன்னு கேக்காதீங்க. அது போவல. அதுக்கும் ஒரு எடம் வேணும் இல்ல? சில நாள் சாயங்காலம் யாராவது ஒருத்தர் வூட்டு செவுத்துல, சர்ர்ர்னு, ரொம்ப மெல்லிசா. கேட்டவங்க எழுந்து போய் வூட்டுல இருக்கிறவங்கள ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்புடுவாங்க. பதில் வந்ததும் வந்து குந்திக்குவாங்க. எங்க வூட்டுல போன வாரம் கேட்டுச்சு.

சரி, தம்ம ஒடைக்கிறாங்க, வாசன வருது. இன்னா தங்கச்சி புனிதவதி, கத சரிதான? அந்த மேடம் மூணுன்னு தட்டினாங்க, அதுக்கப்புறம்தான் உனக்கும் பாப்பாவுக்கும் சத்தம் வந்துச்சு. அதுவரைக்கும் உங்க வூடு இன்னா அமைதி, இன்னா அமைதி! நீ வாய தொறக்க வேணாம், தலைய ஆட்டு போதும், மீதிய நான் பேசிக்கிறேன்.

“எங்க வூட்டுல சத்தம் என்னைக்கும் நிக்கல அண்ணாத்த. உங்க காதுதான் அந்த மேப்ப நம்பிச்சு.”